ஏழு மில்லி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. பல் ஆடியதால் சுவர் சாய்ந்த கதை ஒன்று சொல்கிறேன். பல் வலி இருக்கிறவர்கள் மெல்லச் சிரியுங்கள், போதும்.

மேஸ்திரி பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார்.

டாக்டரம்மா மெல்லிய அளவுகம்பியைக் கையில் எடுத்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை விட்டால், எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே கம்பி ஏழு மில்லி இறங்கியது.

“பல்லுக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. அதைத் தாங்குற எலும்புதான் கரைஞ்சுபோச்சு” என்றார் டாக்டரம்மா அன்றைக்கு.

மேஸ்திரிக்குப் பகீரென்றது. அவர் கடைசியாகக் கட்டிய சுவரும் ஏழு மில்லிதான் சாய்ந்திருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரே அளந்திருந்தார்.

சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டின் நூலை மற்றவர்கள் ஆணியில் மாட்டுவார்கள். இவர் கீழ்வரிசை முன்பல்லில் கடித்துக்கொள்வார். முப்பது வருடச் சுவர்கள் அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நிமிர்ந்து நின்றன. பல் ஆடியது, நூல் ஆடியது, சுவர் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது.

“ஒரு ஆணி அடிச்சுத் தொலைச்சா என்னவாம்?” என்றாள் மனைவி.

“ஆணி துருப்பிடிக்கும்டி. பல்லு துருப்பிடிக்குமா?”

ஆகவே ஆபரேஷன். டாக்டரம்மா பூச்சை உரிப்பதுபோல ஈறைத் திறந்தார். அழுக்கைச் சுரண்டினார். குழி விழுந்த இடத்தில் எலும்புத் தூளை அடைத்துத் தைத்தார்.

குழியில் ஓரளவு எலும்பு வளரும், ஒரே மட்டமாய்க் கரைந்துபோன இடத்தில் வளராது, ஒழுங்காகப் பல் விளக்காவிட்டால் வளர்ந்ததும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

மேஸ்திரி புகையிலையை விட்டார். புதுச் சுவருக்குத் தண்ணீர் காட்டுவதுபோலக் காலையும் இரவும் பல்லுக்குப் பக்குவம் பார்த்தார். ஆறு மாதமாகக் கொத்துக்கரண்டியைத் தொடவில்லை. பல் இறுகினால் மறுபடி வேலை. இல்லையென்றால், மருமகன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

நூல் கடிக்கிற விஷயத்தை மட்டும் டாக்டரம்மாவிடம் அவர் மூச்சுவிடவில்லை.

இன்றைக்கு மறுபடி கம்பி இறங்கியது. மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மூணு மில்லி. நல்லாப் பிடிச்சிருக்கு.”

மூன்று! எந்த வீட்டுக்காரரும் கண்டுகொள்ளாத மூன்று. மேஸ்திரியின் கண் ஓரத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

“வாய் கொப்பளிங்க” என்று டம்ளரை நீட்டினார் டாக்டரம்மா. கம்பியை வைக்க அலமாரிப் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றார்.

“மேஸ்திரி, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். போன வருஷம் நீங்க கட்டிக் குடுத்தீங்களே இந்தச் சுவர்… இதுல மாட்டின அலமாரிக் கதவு மட்டும் சாத்தச் சாத்தத் தானா திறந்துக்குதே, ஏன்?”

மேஸ்திரி துப்பவில்லை.

இரண்டு கன்னமும் உப்ப, வாய் நிறையத் தண்ணீரோடு, டாக்டரம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா அலமாரிக் கதவைச் சாத்திக் காட்டினார்.

அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது.

நல்லா இருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நேராக நிற்கட்டும். சாத்தின கதவு சாத்தினபடி இருக்கட்டும். உள்ளே சிரிக்கிற வாயெல்லாம் பல் நிறைந்திருக்கட்டும்.