இரவல் மூக்கு

துணி சுற்றிய பாட்டில்களிலிருந்து மூன்று கிளாஸ்களை ஊற்றி வைத்துவிட்டு, "நீங்க மட்டும் சொல்லுங்க சார். வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் ஒயின் வியாபாரி.



சார் என்றால் என் வீட்டுக்காரர், வேறு யாரும் என்றால் நான்தான். மூலை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இந்த உணவகத்துக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. தேர்ந்தெடுக்கும் மூக்கு என்னுடையது.

போன வருஷம் அவருக்கு வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கு பழுதில்லை. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு எல்லாம் தெரியும். மல்லிகை எது, மண்ணெண்ணெய் எது என்று கேட்டால் விழிப்பார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மூக்கு இல்லாத ஒயின்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதனால் கல்லூரி விட்டதும் நேராக இங்கே வந்துவிடுவேன். கூட்டம் சேர்வதற்கு முன், புதிதாக வந்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் எனக்கு வரும். அவர் எதிரில் உட்கார்ந்து, "சொல்லு" என்பார்.

எனக்கு ஒயின் பாஷை தெரியாது. நான் கலை வரலாறு நடத்துகிறவள். தெரிந்த ஓவியப் பாணிகளைத்தானே சொல்ல முடியும்?

இது பரோக், எல்லாம் ஒரே இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் என்பேன். இது ரொகோகோ, ரிப்பனும் ரோஜாவுமாகத் திகட்டுகிறது என்பேன். இது இம்ப்ரெஷனிசம், கிட்டே போனால் வெறும் வண்ணப் புள்ளி, கொஞ்சம் தள்ளி நின்று குடிக்க வேண்டும் என்பேன்.

அவர் அதை அப்படியே மேசை மேசையாகப் போய் அவிழ்த்துவிட்டார். ஜனங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. முதலாளியம்மா மெனு அட்டையையே மாற்றி அச்சடித்துவிட்டார். இப்போதெல்லாம் சிவப்பா வெள்ளையா என்று யாரும் கேட்பதில்லை, இன்றைக்கு என்ன பரோக் இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். என் மாணவர்கள் இந்த வேகத்தில் கற்றுக்கொண்டால் நான் எதற்கு விடைத்தாளோடு மல்லுக்கட்டப் போகிறேன்?

அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் வியாபாரி சோதித்துப் பார்க்க வந்திருந்தார். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

என் வீட்டுக்காரர் முதல் கிளாஸை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்தார். ஒரு வாய் குடித்தார். பரோக் என்றார்.

வியாபாரி தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கறுப்புச் சிவப்பையும் துவர்ப்பையும் வைத்து எப்படியோ சமாளித்துவிட்டார்.

இரண்டாவதைக் கோட்டுச் சித்திரம் என்றார். வண்ணமே கிடையாதாம், பென்சில் மட்டும்தானாம், அதுவும் நன்றாகச் சீவிய பென்சிலாம். வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். பரவாயில்லை, தண்ணீர் மாதிரி நிறம், பல் கூசும் புளிப்பு. கண்ணும் நாக்கும் போதும்.

மூன்றாவதை எட்டிப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் சாதுவாக இருந்தது. பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது.

இவர் கிளாஸை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. போதும், ரொம்ப நடிக்காதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இது அசையாப் பொருள் ஓவியம்ங்க. ஒரு மேசை, வெள்ளைத் துணி. ஓரத்துல பாதி உரிச்சு வச்ச ஆரஞ்சு. தோல் சுருளாத் தொங்குது."

விடைத்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். போன வாரம் சாப்பிடும்போது அந்த வகை ஓவியங்களைப் பற்றி இவரிடம் அளந்தது நான்தான். ஆனால் நான் சொன்ன படத்தில் உரித்து வைத்திருந்தது எலுமிச்சை. மனுஷன் பாடத்தையும் ஒழுங்காகக் கேட்காமல், பழத்தை மாற்றி வேலைக்கு உலை வைத்துக்கொண்டார்.

வியாபாரி கிளாஸை வாங்கித் தானும் ஒருமுறை முகர்ந்தார். பிறகு மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஆரஞ்சுத் தோல்! அந்த மெல்லிசு வாசனையை இதுவரைக்கும் ஒருத்தரும் பிடிச்சதில்ல சார்."

முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். வியாபாரியை அழைத்துக்கொண்டு கணக்குப் பேச உள்ளே போனார். இவர் வழக்கம்போல மீதியிருந்த கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆனால் சொல்லு என்று சொல்லவில்லை.

முகர்ந்து பார்த்தேன். இருந்தது. எல்லா வாசனைக்கும் பின்னால், கூச்சப்பட்டுக்கொண்டு, ஆரஞ்சுத் தோல்.

மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். லேசான புளிப்பு, அவ்வளவுதான். ஆரஞ்சு இல்லை. மூக்கை விட்டேன். ஆரஞ்சு வந்தது.

நிமிர்ந்தேன். இவருக்குக் காது மடல் சிவந்திருந்தது.

"எப்போலேர்ந்து வாசனை தெரியுது?"

மேசை துடைக்கும் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"உனக்குக் கோடை லீவு விட்டாங்கல்ல, அதுக்கு முன்னாடியே."

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கோடை லீவு முழுக்க, கல்லூரி இல்லாத நாளிலும், அந்த வெயிலில் பஸ் மாறி இங்கே வந்திருக்கிறேன். இவர் வேலை போய்விடக் கூடாதே என்று ஜலதோஷத்தோடுகூட வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"சொன்னா நீ நேரா வீட்டுக்குப் போயிடுவியே" என்றார், துணியைப் பார்த்துக்கொண்டு.

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சரி, அடுத்த பாட்டிலைத் திறங்க" என்று வந்தது.