வீட்டுச் செருப்பு

லைப்சிக் நகரில் 1933-ம் வருடத்து வசந்தச் சந்தை தொடங்கும் காலை. வார்சாவிலிருந்து வந்திருக்கும் யூத ரோமத்தோல் வியாபாரி ஃபைவல், மூன்றாம் மாடியில் அழைப்புமணியை அடிக்கிறார். சந்தைக்கு வருகிறவர்களுக்கு இந்தத் தெருவில் வீட்டுக்கு ஓர் அறை வாடகைக்கு உண்டு. பதினோரு வருடமாக அவருக்கு இந்த வீடுதான்; அவருடைய வீட்டுச் செருப்புகூட அடுத்த சந்தை வரை இங்கேயே கட்டிலடியில் கிடக்கும். கதவு ஒரு சாண் திறக்கிறது. காப்பி மணத்தோடு வீட்டுக்காரி ஹெட்விக்கின் கை மட்டும் வெளியே நீள்கிறது. கையில் செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய பொட்டலம். "உங்க செருப்பு. அறையை வேற ஆளுக்கு விட்டாச்சுங்க." "என்னம்மா, என் குறட்டை அவ்வளவு மோசமா?" என்று சிரிக்கிறார் ஃபைவல். "மெதுவாப் பேசுங்க. கொடி கட்டுறவங்க கீழதான் நிக்கிறாங்க." கை உள்ளே போகிறது. தாழ்ப்பாள் விழுகிறது. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் இறங்குகிறார். படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே சிவப்பு ஸ்வஸ்திகப் புதுக்கொடி படபடக்க, சுவரில் வெளிச்சம் சிவந்து சிவந்து மறைகிறது. இரண்டாம் மாடியில், வழக்கமாக ரீகா நகரத்து யூத வியாபாரி தங்கும் வீட்டின் மூடிய கதவடியில் அதேபோல் ஒரு பொட்டலம். முதல் மாடியில் இரண்டு. ஃபைவல் குனிந்து பார்க்கிறார். பிறகு தன் கக்கத்திலிருப்பதை எடுத்துப் பார்க்கிறார். நான்கிலும் ஒரே கை போட்ட முடிச்சு.