சாக்கு மூடிய பலகை

நடுப்பகல். பிரசவத்துக்கு நாங்கள் போகவேண்டிய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்க முச்சந்தியில் ஆளில்லை. நாளை அமைச்சர் திறக்கவேண்டிய புதிய வழிகாட்டிப் பலகை சாக்குக்குள் இருக்கிறது. காரின் பின்னிருக்கையில் அக்கா வலியில் பல்லைக் கடிக்கிறாள். "இப்பத் தொட்டா கேஸ் போடுவாங்கடி" என்று முனகுகிறார் அத்தான். "அமைச்சர் நாளைக்கு வரட்டும், உங்க பிள்ளை இன்னைக்கே வருது. பிரிங்க!" என்கிறேன் நான். அத்தான் காரின்மேல் ஏறிக் கயிற்றை அறுக்கிறார். சாக்கு சரிகிறது. மேலே, வழக்கம்போல, எங்களுக்குப் படிக்க வராத அரசு மொழி. அதன் கீழே, இந்தச் சாலையில் முதன்முறையாக, எங்கள் எழுத்து. ஈரம்போல மின்னும் வெள்ளைப் பெயின்ட். அக்கா தலையை வெளியே நீட்டி, ஒரு சொல்லும் விடாமல் வாய்விட்டு வாசிக்கிறாள். "மகப்பேறு மருத்துவமனை, இடப்பக்கம். அப்பாடா! இன்னும் அங்க நின்னு என்ன பாக்குறீங்க, இறங்குங்க." அத்தான் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்.