ஆமா போடுகிறவர்

அவள் வரியைப் பாடி முடித்துவிட்டாள்.

"புத்துக்குள்ள கைய விட்டு, பொழச்சு வந்த கூட்டமிது…"

இனி அவர் சொல்ல வேண்டும்.

வில்லுப்பாட்டில் ஒருவர் வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். போடாவிட்டால் கதை நகராது. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய கதைகள் எல்லாம் அவருடைய ஆமாவைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன.

போன ஆடியில் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில், வெள்ளைத் துணிக்குப் பின்னால், ஒரு துளை. அதைக் கட்டைவிரலால் மூடினால்தான் பேச்சு வரும்.

அவருடைய இரண்டு கையும் குடத்தில் இருந்தன.

வலக்கையில் பாளை மட்டை. அது குடத்தின் வாயில் விழ வேண்டும். இடக்கையில் காசு. அது குடத்தின் கழுத்தைத் தட்ட வேண்டும்.

வீட்டில் ஆமாவைத் தனியாகப் பழகினார்கள். தாளத்தைத் தனியாகப் பழகினார்கள்.

இரண்டும் சேர்ந்தால் இன்னொரு கை வேண்டுமென்று இருவருக்குமே தோன்றவில்லை.

காசு குடத்தின் கழுத்தை விட்டு அவருடைய கழுத்துக்குப் போனது.

"ஆமா."

வந்துவிட்டது. கரகரவென்று, குடத்தின் அடியிலிருந்து வருவதுபோல.

ஆனால் தாளம் நொண்டியது. காசு விழ வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

அவர் குனிந்துகொண்டார். கை குடத்துக்குத் திரும்பியது.

அவள் அடுத்த வரியைப் பாடினாள். காத்திருந்தாள்.

கை அசையவில்லை. இனி அவர் சொல்ல மாட்டார். இன்றைக்கு மட்டுமல்ல.

மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அவரைப்போலவே புற்றுநோயைத் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கான விழாதான் இது. புதிதாக முளைத்த சுருட்டை முடியோடு பெண்கள். முன்வரிசையில், அவரைப் போலவே கழுத்தில் துணி கட்டிய ஒரு மனிதர்.

அந்த மனிதர் துணிக்குள் விரலை வைத்து அழுத்தினார்.

"வே, நீரு பேசும்! காசுச் சத்தந்தான? அத நாங்க போடுதோம்."

மோதிரத்தால் இரும்பு நாற்காலியின் கையைத் தட்டினார்.

டிங்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வளையல். பின்னால் சாவிக்கொத்து. அதற்கும் பின்னால் ஒரு டீத் தம்ளர்.

"மெதுவாத் தட்டுங்கய்யா, வாடகை நாற்காலியாக்கும்!" என்று ஒரு பெண் கத்தினாள். அவளும் தட்டினாள்.

மண்டபம் முழுக்க ஒரே காசு.

வீசுகோலைத் தூக்கியவள் வில்லில் அடிக்க மறந்துபோனாள்.

அவருடைய இடக்கை மெல்ல எழுந்தது.

"ஆமா."

இன்னொரு வரி.

"ஆமா."

கை குடத்துக்குத் திரும்பவில்லை. கழுத்திலேயே இருந்தது.

அடுத்த வரிக்கு அவள் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் அவர் பேசினார்.

"பக்கத்துல ஒருத்தி இருந்தா…"

அவள் கதையில் அப்படி ஒரு வரி இல்லை.

"ராத்திரியெல்லாம்… எம் மூச்ச… கேட்டுக்கிட்டே கெடந்தா…"

நிறுத்தினார். அவளைப் பார்த்தார்.

மண்டபம் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அந்த இடம் யாருக்கானது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எத்தனையோ மேடைகள். அந்த 'ஆமா'வை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

அவளுடைய கை, தானாக, தன் கழுத்துக்குப் போனது.