இறங்கும் நேரத்து ஹாரன்

பீ… பீ… பீ… என்று சத்தம் கேட்டது. அந்தக் குட்டி விமானத்தில், கேப்டனின் முழங்காலுக்கு மேலே இருந்த ஹாரன்தான் கத்தியது. சக்கரங்களை இறக்காமல் தரையிறங்கப் பார்த்தால் கத்துவது அதன் வேலை. விமானத்தில் உண்மை பேசுவது தான் ஒருத்தன்தான் என்று அதற்கு ஒரு மிதப்பு.

"எதுக்குப்பா இந்தக் கூப்பாடு?" என்றது பக்கத்திலிருந்த, சக்கரங்களை இறக்கும் லீவர். "இருபது வருஷமா ஓட்டுறவருக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா அவர் கை இந்நேரம் உன்மேல இருக்கணுமே."

கேப்டனோ பக்கத்து சீட்டு டாக்டரிடம், "நான் இறக்கினா தரை தொட்டதே தெரியாது சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

"அது அப்படித்தான். பழைய வண்டி." கேப்டன் ஹாரனுக்கு மின்சாரம் தரும் பொத்தானை வெளியே இழுத்து அதன் வாயை அடைத்தார்.

தரை தொட்டது நன்றாகவே தெரிந்தது. விமானம் ஓடுபாதையில் பாதி தூரம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. முன்னாலிருந்த விசிறி வாழைப்பூ மடல் மாதிரி சுருண்டுவிட்டது. நல்லவேளை, இருவருக்கும் அடியில்லை. லீவர் மட்டும் இறக்குவாரில்லாமல் மேலேயே நின்றது.

அடுத்த மாதம் விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களை மடக்கி, மெக்கானிக் ஹாரனைச் சோதித்தார். கீழே நின்ற கேப்டன் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்றார்.

"கேட்டியா?" என்றது லீவர். "இனியும் கத்தப்போறியா?"

"அவரைக் கேட்டுக்கிட்டா என் வேலையைச் செய்யறேன்?" என்ற ஹாரன், விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கியது.