சாயங்காலச் சூடு

இதை எனக்குச் சொன்னவள் ஆரோக்கியமேரி. 2007-ல், தீபாவளிக்கு முந்தின வாரம், ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அவள் வீட்டுக்காரர் மோசஸுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை.

அந்த ரம்ஜான் நோன்பு மாசம் முழுக்க மோசஸுக்கு நிம்மதியே இல்லை.

தீவனத்தை எடை போட்டு மூட்டையில் கொட்டுகிற மிஷினுக்கு, தகரப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் கார்டு. உள்ளங்கை அகலம்தான், ஆனால் முழுக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே பலகையில் அடக்கம். காலையில் சமத்தாக ஓடும். சாயங்காலம் ஆனால் கொதித்து நின்றுவிடும். திரும்பப் போட்டால் திரையில் மிஷின் பேர் வரும், அணையும். வரும், அணையும். அதற்கு மேல் நகராது.

மோசஸ் ஃபேனை மாற்றினார். பவர் சப்ளையை மாற்றினார். மெட்ராஸிலிருந்து புதுக் கார்டே வரவழைத்துப் போட்டார். அதுவும் சாயங்காலம் படுத்துக்கொண்டது.

"இன்னா மோசஸ், கார்டுக்கும் டூட்டி முடிஞ்சிடுதா?" என்றார் மேனேஜர் பூவராகவன். "யாரோ வேணும்னு பண்றாங்கய்யா. ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே கேட்டுக்கு வெளிய."

மூட்டை அடுக்குகிற முஜீப், பழவேற்காட்டுக்காரன். காண்ட்ராக்ட் வேலை, வீட்டில் கைக்குழந்தை. மிஷின் நின்றால் அவன் கொஞ்சம் உட்காருவான். உட்கார்ந்தால் மூட்டை வாய் தைக்கிற கெங்கம்மாள் விடமாட்டாள்.

"மிஷினு நின்னா துரைக்குத்தான் கொண்டாட்டம். நோன்புன்னு சொல்லிக்கினு ஒக்காந்துக்குறான் பாரு."

"பேஜாரு பண்ணாதக்கா. தொண்டை காயுது."

"காயட்டும். அப்பவாச்சும் வாய மூடிக்கினு இருப்ப."

ஒருநாள் மிஷின் நின்றதும், மோசஸ் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியின் தலையைப் பார்த்தார். சூடு வெளியேறுவதற்காக மேல்தகரத்தில் ஓட்டைகள். சுற்றிலும் தீவனத் தூசி. ஓட்டைகள் மேல் மட்டும் துடைத்தாற்போல ஒரு வட்டம். ஓரத்தில் காய்ந்துபோன கஞ்சிப் பருக்கை.

சூடு போகிற வழியை யாரோ தினமும் அடைத்திருக்கிறார்கள்!

மேனேஜர் ஓடிவந்தார். பெஞ்சு மேல் நோன்புக் கஞ்சித் தூக்குவாளி ஒன்று இருந்தது. எடுத்து அந்த வட்டத்தில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"யாருது இது?"

"என்னுது சார்," என்றான் முஜீப். "கேக்கறதா இருந்தா என்னையே கேளுங்க."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நாளைலேர்ந்து வராத."

கெங்கம்மாள் கைத் தையல் மிஷினை எடுத்து, ஏற்கெனவே தைத்த மூட்டை வாயையே மறுபடி தைத்தாள்.

மோசஸுக்கு மனசு கேட்கவில்லை. "சார், மட்டமா ஒரு இடம் இருந்தா யாராச்சும் எதையாச்சும் வைக்கத்தான் செய்வாங்க. நான் காத்து போக இடம் விட்டு, மேல சாய்வா தகரம் அடிச்சிடறேன். அதுல எதுவும் நிக்காது. அவன விட்டுடுங்க, நான் பொறுப்பு."

மேனேஜர் முறைத்தார். "இன்னொரு தரம் நின்னா ரெண்டு பேருமே கெளம்பணும்."

அவர் போனதும் மோசஸ் கேட்டார்: "ஏம்பா, சுடுகஞ்சியக் கொண்டுபோய் அங்கயா வைப்ப?"

"நான் வைக்கலண்ணா. பள்ளிவாசல்லேர்ந்து கேட்டாண்ட கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க. உள்ள யாரோ எடுத்தாந்து வைக்கிறாங்க. பாங்கு சொல்றப்போ பெஞ்சு மேல இருக்கும், தெறந்தா சூடா இருக்கும். எப்படின்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அத அவராண்ட சொல்ல வேண்டியதுதானே? யாரு அது?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா, அவரு கேக்கறப்போ சொல்லணும். நோன்பு வச்சுக்கினு பொய் சொல்ல முடியாதுல்ல?"

மறுநாள் சாய்வுத் தகரம் ஏறியது. சாயங்காலம் வந்தது. மிஷின் நிற்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே மோசஸ் குடோன் பக்கம் நடந்தார்.

டீ நேரம். மூட்டைகளுக்குப் பின்னால் கெங்கம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். காக்கிக் கோட்டுக்குள் எதையோ மறைத்து, இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். குடோனில் தீவனம் திருட்டுப் போகிறது என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு.

மோசஸுக்குச் சுருக்கென்றது. "கெங்கம்மா, கோட்டுக்குள்ள இன்னா? எடு வெளிய."

"கத்தாத நைனா." அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மோசஸ் குனிந்து பார்த்தார். துண்டு சுற்றிய தூக்குவாளி.

"நீதான் மேல தகரம் அடிச்சிட்டியே. பாங்குக்கு இன்னும் நேரம் கீது. ஆறிப்போனா அது கஞ்சியா? காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காத புள்ள அது."

"அவனப் போயி தெனமும் அந்தத் திட்டு திட்டறியேம்மா?"

"அது வேற." கெங்கம்மாள் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டாள். "அவனாண்ட சொல்லிடாத நைனா. அப்பறம் அவன் என்னைக் கையெடுத்துக் கும்புடுவான். நான் எப்படி அவனத் திட்டறது?"

மோசஸ் ஆரோக்கியமேரியிடம் மட்டும் சொன்னார். அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்குத்தான் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பழவேற்காட்டுப் பக்கம் போனால், முஜீப்பைப் பார்த்தால், நீங்களாவது சொல்லாமல் இருங்கள்.