தொண்டைக்குள் ஓர் உருண்டை

“தொண்டையில ஒரு உருண்டை நிக்குது டாக்டர். நெல்லிக்காய் அளவு இருக்கும். மேலயும் வர மாட்டேங்குது, கீழயும் போக மாட்டேங்குது” என்றாள் தையல்காரம்மா.

ஹோமியோபதி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. நாற்காலியில் சாய்ந்து நோட்டைத் திறந்தார். அவருடைய வைத்தியத்தில் மருந்தைவிடக் கேள்விகள்தான் அதிகம்.

“சாப்பிடும்போது அடைக்குதா?”

“அதுதான் அதிசயம். சாப்பிடும்போது ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்தா வந்துடுது.”

“சாப்பிட்டாத்தானே டாக்டர்!” பக்கத்தில் இருந்த மருமகள் குறுக்கே புகுந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். “ரெண்டு வாய், அவ்வளவுதான். தூக்கமும் கிடையாது. ஓயாம பெருமூச்சு. தையல் மெஷினாவது நடுவுல கொஞ்சம் நிக்கும், இவங்க நிக்கறதில்ல.”

“இவ சொல்றதைக் கேட்டா இல்லாத நோயெல்லாம் எனக்கு வந்துடும்.” தையல்காரம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே பெருமூச்சாகிவிட்டது.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு வாரமா.”

“மனசு கஷ்டப்படுற மாதிரி ஏதாவது நடந்துச்சா?”

“ஒரு குறையும் இல்ல டாக்டர். பையன் கப்பல்ல வேலை பாக்கிறான். நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காதாம், அதான் பேசி நாளாச்சு. இவ பிரசவத்துக்குள்ள வந்துடுவான்.” சொல்லிவிட்டு மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.

டாக்டர் நோட்டில் ஏதோ எழுதினார். “வெளிய கம்பவுண்டர் அம்மா இருக்காங்க. பிரஷரும் எடையும் பாத்துட்டு வாங்க.”

கதவு சாத்தியதும் மருமகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“அவர் வர மாட்டார் டாக்டர்.”

டாக்டரின் பேனா நின்றது.

“புயல்ல கடல்ல விழுந்துட்டாராம். நாலு நாள் தேடியும் கிடைக்கலன்னு கம்பெனியிலிருந்து என் செல்லுக்குச் சொன்னாங்க. மூணு வாரமாச்சு.” அவள் அழவில்லை. எச்சிலை ஒருமுறை விழுங்கிக்கொண்டாள். “அத்தைக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கு. ஒரே பிள்ளை. சொன்னா தாங்க மாட்டாங்க. சிக்னல் இல்லன்னு நான் சொன்னதை அப்படியே நம்பிட்டாங்க.”

“வேற யாராவது சொல்லிட்டா?”

“வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். நல்லவேளையா வீட்டு போனும் மூணு வாரமா செத்துக் கிடக்கு. ஆளைக் கூப்பிட்டு சரிபண்ணலாமான்னு ஒப்புக்குக் கேட்டேன். யாரு நமக்கு அதுல பேசப் போறாங்க, விடுன்னு அத்தையே சொல்லிட்டாங்க.”

டாக்டர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

“அவருக்குப் புதுச் சட்டை தைக்கிறாங்க டாக்டர்” என்றாள் மருமகள். “காலர் அளவு சரியா இருக்குமான்னு நேத்து என்கிட்ட கேட்டாங்க. நானும் டேப்பைப் பிடிச்சுப் பாத்துட்டு, சரியா இருக்கும் அத்தைன்னு சொன்னேன்.”

“உங்களுக்கும் சேர்த்து மருந்து தரேன்மா.”

“எனக்கு எதுக்கு? அவங்க நல்லா இருந்தாப் போதும். நீங்க வாய் தவறிக்கூட எதையும் கேட்டுடாதீங்க.”

டாக்டர் தலையசைத்தார். தையல்காரம்மா திரும்பி வந்ததும், “இதோ வந்துடறேன் அத்தை” என்று மருமகள் கழிவறைப் பக்கம் மெதுவாக நடந்து போனாள்.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். வெள்ளை உருண்டைகளின் மேல் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். “இக்னேஷியான்னு பேரு. காலையில நாலு, ராத்திரி நாலு. நாக்குல போட்டுக் கரையவிடுங்க. கொஞ்ச நாளைக்குக் காபி வேணாம்.”

“இது எதுக்கான மருந்து டாக்டர்?”

முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே சொன்னது. “தொண்டையை அடைக்கிறது, பெருமூச்சு, தூக்கம் வராதது... துக்கத்தை வெளியே காட்டாம உள்ளேயே முழுங்குறவங்களுக்குக் காலங்காலமா குடுக்கிறது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரமாகப் பேச்சை மாற்றினார். “பொதுவாச் சொன்னேன்மா. உங்களுக்கு அதெல்லாம் இல்ல. பையன் வந்ததும் எல்லாம் சரியாயிடும்.”

தையல்காரம்மா புட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாசமா இருக்கிறவங்க இதைச் சாப்பிடலாமா?”

“யாரு, உங்க மருமகளா?” டாக்டர் திடுக்கிட்டார். “அவங்க நல்லாத்தானே இருக்காங்க?”

“இப்ப நல்லாத்தான் இருக்கா. பின்னாடி அவளுக்கு வேண்டியிருக்கும்.”

வெளியே கழிவறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தையல்காரம்மா மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கம்பெனியிலிருந்து வீட்டு போனுக்கும் சொன்னாங்க டாக்டர், அன்னிக்கே ஒயரைப் பிடுங்கிட்டேன். பிரசவம் முடியட்டும்னு இருக்கேன். புருஷன் போயிட்டான்னு அவளுக்கு இன்னும் தெரியாது.”